ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து ஓட்டப்போகிறவர்களுக்கு

மோட்டார் வைத்த ஐஸ் பெட்டி வாங்க நினைக்கும் யாரும் முதலில் கேட்பது எவ்வளவு வேகம் போகும் என்பதைத்தான். விற்பவரும் அதைத்தான் முதலில் சொல்கிறார். மூடிக்குள் என்ன அடைத்திருக்கிறது, பிரேக் எந்தச் சக்கரத்தில் இருக்கிறது, உருகிய தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று கேட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இந்த வண்டியைப் பொறுத்தவரை முக்கியமானவை அந்த மூன்றும்தான். மோட்டார் அதற்கெல்லாம் அப்புறம்.

இப்படி ஒரு வண்டி இருப்பதே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபுட்பால் மேட்ச் என்றால் மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்திலேயே பாதித் திருவிழா நடக்கும். காலையிலேயே வந்து, காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டு, பீர் குடித்து, மேட்ச் தொடங்கும்வரை பொழுதைப் போக்குவார்கள். டெயில்கேட்டிங் என்று பெயர். நிறுத்துமிடமோ நடந்தால் கால் வலிக்கிற அளவுக்கு விரிந்து கிடக்கும். குளிர்பானமும் ஐஸும் நிறைத்த பெட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துப்போவது லேசான வேலை இல்லை. சரி, பெட்டிக்கே சக்கரமும் மோட்டாரும் ஹேண்டில்பாரும் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டினால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். எங்கள் ப்ளோரிடாவிலிருந்து வந்த க்ரூசின் கூலர் என்ற கம்பெனி பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் மாடல்களை விற்றது. ஏறக்குறைய 20 கி.மீ. வேகம், உள்ளே 24 கேன், மேலே ஒரு மெத்தை. கார் பந்தய மைதானங்கள், கேம்பிங் இடங்கள், பெரிய பண்ணைகள் என்று எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ஐஸ் பெட்டியை எஸ்கி என்பார்கள். அங்கே வீட்டு ஷெட்டில் தாங்களே மோட்டார் பூட்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

என் வேலை இயந்திர வடிவமைப்பு. நண்பர்கள் வீட்டில் ஓடாமல் கிடக்கும் வண்டி எதுவானாலும் என் கராஜுக்கு வந்துவிடும், அப்படித்தான் இந்தப் பெட்டி வண்டிகளும் வந்தன. பிரித்துப் பார்க்கப் பார்க்க, சின்ன இடத்துக்குள் இத்தனை முரண்பாடுகளைச் சமாளிக்க வேண்டிய வண்டி வேறொன்று கிடையாது என்று தோன்றிவிட்டது. இதில் பெட்டிதான் சுமை, பெட்டிதான் இருக்கை, பல மாடல்களில் வண்டிச் சட்டத்தின் (ஃப்ரேம்) வேலையில் பாதியையும் பெட்டியே செய்கிறது. நம் ஊர் மீன்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் ஐஸ் பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போவார். அவருடைய உடல் எடையைச் சுமப்பது வண்டியின் சீட், பெட்டி அல்ல. இங்கே 80, 90 கிலோ ஆள் பெட்டியின் மூடி மேலேயே உட்காருகிறார், வண்டி குழியில் இறங்கும்போது அந்த எடை இரட்டிப்பாக மூடியை அழுத்துகிறது.

ஐஸ் பெட்டி அதற்காகப் பிறந்த பொருளே இல்லை. ஹூஸ்டனில் 1947-இல் தொடங்கிய இக்லூ, எண்ணெய் வயல் தொழிலாளர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக உலோகக் கூலர் செய்த பட்டறை. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரமி கையில் தூக்கிப்போகும் ஐஸ் பெட்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1951-இல், கிடைத்தது 1953-இல். இவர்கள் யோசித்ததெல்லாம் குளிர் போகாமல் இருக்க வேண்டும், தூக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். மூடியை மூடி வைத்தால் போதும், அது யாரையும் தாங்க வேண்டியதில்லை.

அந்தக் குளிர் விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் போய்ச் சேரும்போது பானம் வெதுவெதுப்பாக இருந்தால் எல்லாம் வீண். 355 மில்லி கேன் 24 என்றால் மொத்தம் 8.5 லிட்டர். வெயிலில் கிடந்து 30 டிகிரிக்கு ஏறிப்போன கேன்களை 3 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 960 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் இழுத்துக்கொள்ளும். ஆக 3 கிலோ ஐஸ் கேன்களைக் குளிரவைப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. இங்கே பெட்ரோல் பங்க்கில் வாங்கும் ஐஸ் பை 10 பவுண்டு, அதாவது 4.5 கிலோ. மிஞ்சுவது ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

அந்த மிச்சம் எத்தனை நேரம் தாங்கும் என்பது பெட்டியின் சுவரைப் பொறுத்தது. உள்ளளவு 50, 30, 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டி, சுற்றிலும் ஓர் அங்குலம் பாலியூரித்தேன் ஃபோம், வெளியே 32 டிகிரி வெயில் என்று வைத்துக்கொண்டால் சுமார் 25 வாட் வெப்பம் உள்ளே கசியும். மணிக்குக் கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக ஐஸ் உருகும். மிச்சம் ஐஸ் ஆறு மணி நேரம் வரும், மேட்ச் முடியும்வரை தாங்கிவிடும். ஆனால் மலிவான பெட்டிகளில் நான்கு பக்கமும் ஃபோம் அடைத்துவிட்டு மூடியை மட்டும் வெறும் கூடாக விட்டுவிடுகிறார்கள். கையால் தட்டிப் பாருங்கள், டப்பா மாதிரி ஒலி வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அந்த ஒரு பக்கத்தின் வழியே மட்டும் இரண்டு மூன்று மடங்கு வெப்பம் இறங்கும். ஆள் உட்காருவதும் அதே கூட்டின் மேல்தான்! குளிருக்கும் அது ஆகாது, எடைக்கும் அது ஆகாது. மூடிக்குள் ஃபோம் நிறைத்தால் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும், ஏனென்றால் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே ஒட்டிய ஃபோம் வளையாமல் எடை தாங்கும் அமைப்பும்கூட. அதற்கு ஆகும் செலவு மோட்டாருக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும், அப்படியும் செய்வதில்லை.

நல்ல வடிவமைப்பில் ஆளின் எடை மூடிக்கே போகாது. இருக்கைக்குக் கீழே ஒரு தகடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் குழாய்கள், அவை நேராகச் சட்டத்தில் போய் நிற்கும். பெட்டி அந்தக் கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும், வேண்டும்போது வெளியே எடுத்துக் கழுவிக்கொள்ளலாம். மூடியைத் திறக்க இருக்கையை மடக்க வேண்டும், இருக்கையை மடக்க இறங்க வேண்டும். இதை ஒரு தொல்லையாகச் சிலர் சொல்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் உள்ளே கைவிட முடியாது என்பதே எனக்குப் பெரிய நன்மையாகத் தெரிகிறது.

இனி கவிழும் கதைக்கு வருகிறேன். தரையிலிருந்து இருக்கை 45 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் உட்கார்ந்த ஆளையும் சேர்த்தால் மொத்த வண்டியின் புவியீர்ப்பு மையம் 65 சென்டிமீட்டர் பக்கம் வந்துவிடும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே பல வண்டிகளில் 45 சென்டிமீட்டர்தான் இருக்கிறது, பெட்டியின் அகலம் அவ்வளவுதான் என்பதால். இந்த அளவுகளில் 20 கி.மீ. வேகத்தில் 9 மீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். 10 கி.மீ. வேகமென்றால் இரண்டேகால் மீட்டர் போதும். வேகம் பாதியானால் தேவைப்படும் இடம் கால்வாசியாகிறது. முன்னால் ஒரே சக்கரம் வைத்த மூன்று சக்கர மாடல் இன்னும் மோசம், அங்கே கவிழும் கோடு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்குச் சாய்வாக ஓடுவதால் ஆள் உட்காரும் இடத்தில் அகலம் மேலும் குறுகிவிடும். இது போதாதென்று, பாதி ஐஸ் உருகிய பெட்டியில் தண்ணீர் வேறு திருப்பத்தில் வெளிப்பக்கமாக ஒதுங்கும். அவ்வப்போது தண்ணீரை வடித்துவிடுவது நல்லது.

இருசக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குத்தான் இது புரிய நேரமாகிறது. எங்கள் கிரிக்கெட் குழுவில் ஒரு நண்பரின் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர், நடக்கச் சிரமம், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவும் பிடிக்காது. நான் சரிசெய்து கொண்டுவந்திருந்த மின்சாரப் பெட்டி வண்டியில் தண்ணீர் பாட்டில்களும் மோரும் இருந்தன. பார்த்ததும், "தம்பி, அந்தப் பக்கம் பசங்களுக்கு நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்" என்று எழுந்துவிட்டார்.

"மாமா, திருப்பும்போது மட்டும் மெதுவா போங்க. உடம்ப உள்பக்கமா நல்லா சாய்ச்சுக்குங்க."

"நான் புல்லட் ஓட்டினவன்ப்பா."

"புல்லட் தானே சாயும் மாமா. இது சாயாது, நாமதான் சாயணும்."

ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிளம்பினார். எல்லைக் கோட்டை ஒட்டி மெதுவாகப் போய், ஒவ்வொரு பையனிடமும் நிறுத்தி, இறங்கி, இருக்கையை மடக்கி, மோரைக் கொடுத்துவிட்டு, திரும்ப ஏறி அடுத்தவனிடம் போனார். மேட்ச் முடியும்வரை அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குடித்துவிட்டுக் கும்மாளம் போடும் வண்டியாகவே இதைப் பற்றி எழுதுகிறார்கள். கனமானதைத் தூக்க முடியாதவர்களுக்கும், நடந்தால் மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று யாரும் எழுதுவதில்லை, எனக்கு அதில் வருத்தமே உண்டு. அவர்களுக்கு 20 கி.மீ. வேகம் வேண்டாம். கவிழாத, உடனே நிற்கிற, சுலபமாக ஏறி இறங்க முடிகிற வண்டி வேண்டும்.

நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றில் பிரேக் பின்னால் மட்டும்தான், அதுவும் பின் அச்சில் ஒரே ஒரு டிஸ்க். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரம் குறைவு, எடையோ உயரத்தில். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும், லேசான சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? ஈரப் புல்லில் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். முன்சக்கரங்களில் சின்ன டிரம் பிரேக் வைத்தால் போதும். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் கேபிளைச் சிக்காமல் கொண்டுபோவது கொஞ்சம் வேலை பிடிக்கும், அதனாலேயே தவிர்க்கிறார்கள்.

மோட்டாருக்கு வருவோம். 500 வாட் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆள், வண்டி, சரக்கு எல்லாம் சேர்த்து 130 கிலோ என்று வையுங்கள். தார்ச் சாலையில் 15 கி.மீ. வேகத்தில் உருண்டுபோகச் சக்கரத்துக்கு 100 வாட்டுக்குச் சற்று மேலே போதும். அதே வண்டி புல்தரையில் 10 கி.மீ. வேகத்தில் போக 280 வாட் கேட்கும். கால் புதைகிற உலர்ந்த மணலில் 700 வாட்டையும் தாண்டிவிடும், அங்கே 500 வாட் மோட்டார் சூடாகிப் புகையத்தான் செய்யும். இங்கே ப்ளோரிடாவின் டேடோனா கடற்கரையில் கார்களே ஓடுவதைப் பார்த்துவிட்டு எல்லாக் கடற்கரையும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மணல் இறுகிப் படிந்து தளம் போட்டது போலிருக்கும், 1935-இல் பிரிட்டிஷ் கார் பந்தய வீரர் மால்கம் கேம்பெல் மணிக்கு 276 மைல் வேகத்தில் காரை விரட்டியது அதன் மேல்தான். இன்று அங்கே வேக வரம்பு 10 மைல். மற்றபடி மெத்தென்ற மணலுள்ள இடத்தில் இந்தச் சின்னச் சக்கர வண்டியை இறக்கவே இறக்காதீர்கள்.

பேட்டரியிலும் இதே கதை. பழைய மாடல்களில் 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இரண்டு. காகிதத்தில் 288 வாட்-மணி. வேகமாக உறிஞ்சினால் லெட் ஆசிட் அவ்வளவும் தராது, அறுபது சதவீதம் கிடைத்தால் அதிகம். மோட்டாரிலும் செயினிலும் வீணாவதையும் கழித்தால் தார்ச் சாலையில் 14, 15 கி.மீ. வரும், புல்லில் 4 கி.மீ. வந்தாலே பெரிது. விளம்பரத்தில் முதல் எண்தான் இருக்கும். ஒரு நல்ல சேதி, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், ஆக்ஸிலரேட்டர் கைப்பிடி, செயின் எல்லாம் சிறுவர்களின் மின்சார ஸ்கூட்டரில் வருகிற அதே சரக்கு. எது போனாலும் மலிவாகக் கிடைக்கும். பிரேக் கைப்பிடியில் மோட்டாரை நிறுத்தும் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும், அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே ஏறி உட்காருங்கள்.

பெட்ரோல் வண்டி எனக்குப் பிடிக்காது. 49 சிசி டூ-ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், எண்ணெய் கலந்த பெட்ரோல், காதைக் கிழிக்கும் சத்தம். கிளட்ச் தானாகப் பிடிக்கும் வகை, ஐடில் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டால் யாரும் தொடாமலே நகரும். எல்லாவற்றையும்விட, குளிர் காக்க வேண்டிய பெட்டிக்கு ஒரு ஜாண் தூரத்தில் கொதிக்கக் கொதிக்க ஒரு சைலன்சர். நடுவே வெப்பத் தகடு இல்லாத வண்டியில் பெட்டியின் அந்தப் பக்கப் பிளாஸ்டிக் நெளிந்து போயிருந்ததைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தண்ணீர். என்னிடம் வந்த ஒரு மின்சார வண்டி, கம்பெனி பெயர் வேண்டாம், திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார்கள். அடித்தகட்டைக் கழற்றினால் கன்ட்ரோலரின் அலுமினியக் கூடு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது, வயர் முனைகளில் பச்சைக் களிம்பு. நிமிர்ந்து பார்த்தேன், சரியாக அதற்கு மேலே பெட்டியின் வடிகால் ஓட்டை. ரப்பர் அடைப்பான் வெயிலில் சுருங்கிச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. பானம் சீக்கிரம் குளிரட்டும் என்று ஐஸில் உப்பு வேறு போட்டிருக்கிறார்கள். பேட்டரியும் மோட்டாரும் பெட்டிக்கு அடியில்தான் இருக்க முடியும், எடை கீழே இருப்பது நல்லதும்கூட. ஆனால் தண்ணீர் கீழ்நோக்கித்தான் இறங்கும் என்பதை வரைபடம் போட்டவர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

பெட்டியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சேர்க்கும் ஆசைக்குப் பெரிய உதாரணம் கூலஸ்ட் கூலர். அது ஓட்டும் வண்டி இல்லை, சக்கரம் வைத்து இழுத்துப்போகும் பெட்டி. மிக்ஸி, ப்ளூடூத் ஸ்பீக்கர், போன் சார்ஜர் எல்லாம் சேர்த்துத் தருகிறோம் என்று 2014-இல், பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் அறிவித்து 130 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2019-இல் கடையை மூடியபோது பணம் கட்டியவர்களில் ஏறக்குறைய 20,000 பேருக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை.

சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மணிக்கு 20 மைலுக்கு மேல் போகாத, உருவத்தைப் பார்த்ததுமே சாலை வண்டி இல்லை என்று தெரிகிறவற்றை அமெரிக்க மத்திய அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை மோட்டார் வாகனமாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் ஹெட்லைட், இன்டிகேட்டர் எதுவும் இல்லாமல் இவற்றை விற்க முடிகிறது. அதே காரணத்தால் பொதுச் சாலையில் ஓட்டவும் முடியாது. தனியார் நிலம், அனுமதி உள்ள மைதானம், கேம்பிங் இடம், அவ்வளவுதான். குடித்துவிட்டு ஓட்டினால் மட்டும், இது வண்டியே இல்லை என்ற வாதம் எடுபடாது. மினசோட்டாவின் ப்ராக்டர் நகரில் 2008-இல் ஒருவர் புல்வெட்டி இன்ஜின் பூட்டிய சாய்வு நாற்காலியில் மதுக்கடையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பி, நிறுத்தியிருந்த காரில் மோதினார். குடிபோதையில் வாகனம் ஓட்டிய குற்றம் அவர் மேல் பதிவானது, அவரும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நாற்காலிக்கே அப்படியென்றால் ஐஸ் பெட்டிக்கு என்ன சலுகை கிடைக்கும்? உள்ளே பீர் வைத்துப் போவதற்கென்றே செய்த வண்டி என்பதால் ஓட்டுபவர் குடிக்காமல் இருப்பது இங்கே இன்னும் அவசியம். விழுந்தால் தலை மோதுவது தார்ச் சாலையில், ஹெல்மெட்டும் போடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மூடியைத் தட்டிப் பாருங்கள், கீல்களில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், பெட்டியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அடியில் எங்கே சொட்டுகிறது என்று குனிந்து பாருங்கள். கேன்களை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் ஒரே ஐஸ் பை நாள் முழுக்க வரும்.

நான் இப்போது மாமாவுக்கென்று ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், அடுத்த சீசனுக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சக்கரங்களுக்கு இடையே 65 சென்டிமீட்டர், முன்னால் இரண்டு சக்கரம், இரண்டிலும் டிரம் பிரேக். 350 வாட் மோட்டார், 12 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதபடி பல்சக்கர விகிதம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, தண்ணீர் புகாத பெட்டிக்குள். வடிகால் ஓட்டையிலிருந்து ஒரு குழாய், பேட்டரித் தட்டைத் தாண்டிப் பின்அச்சுக்குப் பின்னால் தரையைப் பார்த்து முடியும். சட்டத்துக்கான குழாய்களை வெட்டியாகிவிட்டது. இருக்கையின் உயரம்தான் இன்னும் முடிவாகவில்லை, முழங்காலை அதிகம் மடக்காமல் உட்கார எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவரிடமே அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.